ஐந்து வீதத்தைப் பெற்றுத் தந்த சட்டத்தரணி: மர்ஹூம் அஷ்ரஃபின் அரசியல் பயணம்

ஒவ்வொரு வருடமும் செப்டெம்பர் 16 ஆம் திகதி வந்தால் மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரஃப் அவர்களின் படம் சுவரொட்டிகளிலும் முகநூலிலும் நிறைந்து விடுகிறது. கத்தமுல் குர்ஆன் ஓதப்படுகிறது, மேடைகளில் அவரது பேச்சாற்றல் புகழப்படுகிறது. ஒருவருக்கொருவர் முகம் கொடுக்காத கட்சிகளும் அன்றைய தினம் அவரையே தமது தலைவர் என்கின்றன. இந்த நினைவுகளுக்கு நடுவே, அவரது அரசியலைத் தாங்கி நின்ற ஒரு விடயம் பெரும்பாலும் பேசப்படாமல் போகிறது. அவர் அடிப்படையில் ஒரு சட்டத்தரணி. மேடையில் அவர் உணர்ச்சியோடு பேசினார் என்பது உண்மை. ஆனால் சமூகத்துக்கு நிலைத்த பயனைத் தந்தவற்றுள் முதன்மையானது, அரசியலமைப்பின் ஒரு வாசகத்தை வாசித்து, அதனால் யாருக்கு என்ன நட்டம் என்று கணக்குப் பார்த்து, உரிய நேரத்தில் அதை மாற்றச் செய்த வேலைதான். இன்றைய தலைமுறை தெரிந்துகொள்ள வேண்டியதும் அதுவே.

கல்முனையிலிருந்து நீதிமன்றத்துக்கு

1948 ஒக்டோபர் 23 ஆம் திகதி சம்மாந்துறையில் பிறந்த அஷ்ரஃப், கல்முனையில் வளர்ந்தார். கல்முனை வெஸ்லி உயர்தரப் பாடசாலையில் படித்தார். பின்னர் கொழும்பு சட்டக் கல்லூரியில் கற்றுச் சட்டத்தரணியானார். தொழிலுக்கு வந்த பின்னரும் படிப்பை விட்டுவிடவில்லை. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் சட்டமாணி, சட்டமுதுமாணிப் பட்டங்களையும் பெற்றார். பிற்காலத்தில் ஜனாதிபதி சட்டத்தரணியாகவும் ஆனார்.

அக்காலத்தில் கிழக்கு முஸ்லிம்களின் வாழ்க்கை வயலையும் கடலையும் சிறு வியாபாரத்தையும் சுற்றியே இருந்தது. காணி உறுதி, வாய்க்கால் தண்ணீர், எல்லைத் தகராறு, பொலிஸ் முறைப்பாடு என்று சாதாரண மக்கள் அரச அலுவலகங்களில் அலைந்து திரிந்தார்கள். இத்தகைய பிரதேசத்திலிருந்து வந்த ஓர் இளம் சட்டத்தரணிக்கு, சட்டம் என்பது பரீட்சைக்குப் படித்த பாடமாக மட்டும் இருந்திருக்க முடியாது. ஒரு கடதாசியில் எழுதப்பட்ட வாக்கியம் ஒரு குடும்பத்தின் சோற்றைத் தீர்மானிக்கும் என்பதை அந்த மண்ணில் வளர்ந்த எவரும் அறிவர்.

முதல் பாடம்

அவரது அரசியலின் தொடக்கம் இன்றைய இளைஞர் பலருக்கு ஆச்சரியமாக இருக்கலாம். 1970 களின் பிற்பகுதியில், முஸ்லிம் ஐக்கிய விடுதலை முன்னணியின் ஊடாகத் தமிழர் விடுதலைக் கூட்டணியுடன் கைகோர்த்தவர் அவர். வடக்கு கிழக்கின் தமிழ் பேசும் மக்கள் ஒன்றாக நின்றாலே இரு சமூகத்துக்கும் விமோசனம் என்று நம்பினார். 1977 பொதுத் தேர்தலில் கூட்டணியின் உதயசூரியன் சின்னத்தில் முஸ்லிம் வேட்பாளர்கள் நிறுத்தப்பட்டபோது, அஷ்ரஃப் அந்த மேடைகளில் முழங்கினார்.

முடிவு என்ன? கூட்டணிக்கு 18 ஆசனங்கள் கிடைத்தன. அதில் ஒருவர்கூட முஸ்லிம் இல்லை. முஸ்லிம் வாக்காளர்கள் வழமைபோல் தேசியக் கட்சிகளையே நம்பினார்கள். தேசியக் கட்சிகளில் வென்று சென்ற முஸ்லிம் பிரதிநிதிகளோ, கட்சியின் கட்டுப்பாட்டை மீறிச் சமூகத்துக்காகப் பேச முடியாத நிலையில் இருந்தார்கள். இன்னொருவரின் சின்னத்தின் கீழ் நின்றால் இன்னொருவரின் நிகழ்ச்சி நிரலுக்கே கட்டுப்பட வேண்டும் என்ற பாடத்தை அந்தத் தோல்வி அவருக்குக் கற்பித்தது.

1981 செப்டெம்பரில் காத்தான்குடியில் ஸ்ரீ லங்கா முஸ்லிம் காங்கிரஸ் ஆரம்பிக்கப்பட்டது. தொடக்கத்தில் அது கிழக்குக்குள் அடங்கிய ஓர் அமைப்பாகவே இருந்தது. 1980 களின் நடுப்பகுதியில் கிழக்கில் தமிழ், முஸ்லிம் உறவு கசந்து, ஆயுதக் குழுக்களின் அச்சுறுத்தல் கூடியபோது, அஷ்ரஃப் கல்முனையை விட்டுக் கொழும்புக்கு இடம்பெயர நேர்ந்தது. அங்கிருந்துதான் 1986 இல் முஸ்லிம் காங்கிரஸ் நாடளாவிய அரசியல் கட்சியாக மறுபிறவி எடுத்தது, தலைமையும் அவரிடம் வந்தது. 1988 பெப்ரவரியில் தேர்தல் ஆணையாளர் அதனை அங்கீகரித்தார். மரச் சின்னம் கிராமங்களுக்குள் வந்தது.

சபைக்குள் நுழைவு

1987 ஜூலை 29 ஆம் திகதி இலங்கை, இந்திய ஒப்பந்தம் கைச்சாத்தானது. அதன் வழியே மாகாண சபைகள் உருவாகின. வடக்கும் கிழக்கும் தற்காலிகமாக இணைக்கப்பட்டன. இந்த இணைப்பின் கணக்கை முஸ்லிம்களின் பக்கம் நின்று பாருங்கள். கிழக்கு தனியாக இருக்கும்போது முஸ்லிம்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. இணைந்த மாகாணத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒரு நாளில், ஒரு கையெழுத்தில், ஒரு சமூகத்தின் நிறை பாதியாகிவிட்டது. அந்த ஒப்பந்தம் பேசப்பட்ட மேசையில் முஸ்லிம்களின் சார்பில் எவரும் அமர்ந்திருக்கவில்லை.

அப்போது முஸ்லிம் காங்கிரஸுக்கு முன்னே இரண்டு வழிகள் இருந்தன. இணைப்பை ஏற்கவில்லை என்று தேர்தலைப் புறக்கணிப்பது ஒன்று. எதிர்ப்பை வைத்துக்கொண்டே சபைக்குள் சென்று பேசுவது மற்றொன்று. தேர்தலில் நிற்பவருக்கு உயிருக்கே உத்தரவாதம் இல்லாத காலம் அது. புலிகள் தேர்தலைப் புறக்கணித்தார்கள். வடக்கில் வாக்களிப்பே இல்லாமல், போட்டியின்றி உறுப்பினர்கள் தெரிவானார்கள். அஷ்ரஃப் உள்ளே செல்லும் வழியைத் தேர்ந்தெடுத்தார். சபையில் பதியப்படாத எதிர்ப்புக்குச் சட்டத்தில் இடமில்லை என்பதைச் சட்டத்தரணியான அவர் அறிந்திருந்தார்.

1988 நவம்பர் 19 ஆம் திகதி நடந்த அத்தேர்தலில் 71 ஆசனங்களில் 17 ஐ முஸ்லிம் காங்கிரஸ் வென்று, பிரதான எதிர்க்கட்சியானது. அங்கீகாரம் பெற்று ஒரு வருடமும் முடியாத கட்சி அது. அந்த மாகாண சபை நீண்ட காலம் நிலைக்கவில்லை. ஆயினும், முஸ்லிம்கள் என்ற பெயரிலேயே மக்களிடம் ஆணை கேட்டுச் சட்டமன்றம் ஒன்றுக்குள் ஓர் அணியாக நுழைய முடியும் என்பதை அந்த 17 ஆசனங்கள் நாட்டுக்குக் காட்டின.

பன்னிரண்டரையும் ஐந்தும்

1978 அரசியலமைப்பு விகிதாசாரத் தேர்தல் முறையைக் கொண்டுவந்தது. பார்வைக்கு அது சிறுபான்மையினருக்கு நல்ல முறைதான். ஆனால் அதற்குள் ஒரு பூட்டு இருந்தது. ஒரு தேர்தல் மாவட்டத்தில் அளிக்கப்பட்ட செல்லுபடியான வாக்குகளில் எட்டில் ஒரு பங்கை, அதாவது 12.5 வீதத்தைப் பெறாத கட்சிக்கு அம்மாவட்டத்தில் ஓர் ஆசனமும் கிடையாது. அந்தக் கட்சி பெற்ற வாக்குகள் கணக்கிலிருந்தே நீக்கப்படும்.

இதை ஓர் உதாரணத்தால் விளங்கிக்கொள்ளலாம். 8 இலட்சம் செல்லுபடியான வாக்குகள் உள்ள ஒரு மாவட்டத்தில் 12.5 வீதம் என்பது ஓர் இலட்சம் வாக்குகள். அங்கே 90 ஆயிரம் முஸ்லிம் வாக்காளர்கள் ஒருவர் விடாமல் ஒரே சின்னத்துக்கு வாக்களித்தாலும் கிடைப்பது பூச்சியம். அதே மாவட்டத்தில் வெட்டுப்புள்ளி 5 வீதமானால் 40 ஆயிரம் வாக்குகள் பெற்றாலே ஆசனப் பங்கீட்டுக்குள் நுழையலாம். கிழக்குக்கு வெளியே பல மாவட்டங்களில் சிதறி வாழும் ஒரு சமூகத்துக்கு இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலான வித்தியாசம், பேசும் உரிமைக்கும் வாய் மூடிய நிலைக்கும் இடையிலான வித்தியாசம்.

இந்த வாசகம் பத்து வருடங்களாக அரசியலமைப்பில் இருந்தது. அந்த முறையில் பொதுத் தேர்தல் ஒன்றும் நடக்காததால் அதன் வலியை எவரும் உணரவில்லை. முதலாவது தேர்தல் 1989 இல் வரவிருந்தது. அதற்கு முன்னர், 1988 டிசம்பரில் ஜனாதிபதித் தேர்தல். ரணசிங்க பிரேமதாச ஐக்கிய தேசியக் கட்சியின் வேட்பாளர். தெற்கில் ஜே.வி.பி. யின் வன்முறை, வடக்கு கிழக்கில் யுத்தம், ஒவ்வொரு வாக்கும் தங்கமாக இருந்த நேரம்.

அமைச்சுப் பதவி கேட்டிருக்கலாம். தொழில்வாய்ப்புக் கேட்டிருக்கலாம். இவை அன்றும் இன்றும் அரசியல் பேரத்தின் வழமையான பொருட்கள். அஷ்ரஃப் வைத்த முக்கிய கோரிக்கை வெட்டுப்புள்ளியை 12.5 இலிருந்து 5 ஆகக் குறைப்பது. வாக்குறுதியோடு திருப்தியடையாமல், தேர்தலுக்கு முன்பே அது சட்டமாக வேண்டும் என்பதில் உறுதியாக நின்றார். அரசியலமைப்பின் 15 ஆவது திருத்தம் 1988 டிசம்பர் 17 ஆம் திகதி சான்றுப்படுத்தப்பட்டது. ஜனாதிபதித் தேர்தல் டிசம்பர் 19 ஆம் திகதி. இரண்டு நாள் இடைவெளி. வாக்குப் பெட்டி மூடிய பின்னர் கொடுத்த வாக்குக்கு என்ன பெறுமதி என்பதை அவர் நன்றாக அறிந்திருந்தார்.

பிரேமதாச 50.43 வீத வாக்குகளுடன் வென்றார். பாதியைத் தாண்டிய மேலதிக வாக்குகள் ஏறத்தாழ 22 ஆயிரம் மட்டுமே. இவ்வளவு நெருக்கமான முடிவில், சிறிய கட்சியொன்றின் ஆதரவுக்கு என்ன எடை இருந்தது என்று விளக்கத் தேவையில்லை.

1989 பெப்ரவரியில் நடந்த பொதுத் தேர்தலில் முஸ்லிம் காங்கிரஸ் 4 ஆசனங்களைப் பெற்றது. திகாமடுல்ல மாவட்டத்திலிருந்து அஷ்ரஃப் பாராளுமன்றம் சென்றார். அந்தத் திருத்தத்தின் பலன் முஸ்லிம்களோடு நின்றுவிடவில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும். 2000 ஆம் ஆண்டுத் தேர்தலில் ஜே.வி.பி. நாடளாவிய ரீதியில் 6 வீத வாக்குகளுடன் 10 ஆசனங்களைப் பெற முடிந்ததும் இந்த வெட்டுப்புள்ளி குறைந்திருந்ததால்தான். சமூகத்துக்காகக் கேட்ட ஓர் உரிமை நாட்டிலுள்ள சிறிய கட்சிகள் எல்லாவற்றுக்கும் கதவைத் திறந்து விட்டது. தனக்கென்று சலுகை கேட்பதற்கும் எல்லோருக்குமான விதியைத் திருத்தக் கேட்பதற்கும் உள்ள வேறுபாடு இங்கே தெரிகிறது.

சொன்ன சொல்

பாராளுமன்றம் சென்ற அடுத்த வருடமே சமூகம் தன் வரலாற்றின் மிக இருண்ட நாட்களைக் கண்டது. 1990 ஓகஸ்ட் 3 ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் முழுவதுமாக விரட்டப்பட்டார்கள். கிழக்கில் ஆயுதம் தூக்கினால் என்ன என்று இளைஞர்கள் கேட்ட காலம் அது. அந்தக் கோபத்தைப் பாராளுமன்றத்தின் வழியே கொண்டு செல்வது இலேசான காரியமாக இருக்கவில்லை. துப்பாக்கியை விட வாக்குச்சீட்டின் பக்கம் இளைஞர்களை நிற்க வைத்ததை அவரது பெரிய சேவையாகப் பலர் இன்றும் கருதுகிறார்கள்.

1994 இன் ஆரம்பத்தில் கிழக்கில் உள்ளூராட்சித் தேர்தல் வந்தது. அம்பாறை மாவட்டத்தின் முஸ்லிம் பெரும்பான்மைச் சபைகள் அனைத்தையும் கட்சி வெல்லாவிட்டால் பாராளுமன்றப் பதவியைத் துறப்பேன் என்று அவர் பகிரங்கமாகச் சவால் விட்டார். ஒரு சபை கைநழுவியது. தேர்தல் மேடைப் பேச்சுத்தானே என்று எவரும் மன்னித்திருப்பார்கள். அவர் பதவியைத் துறந்தார். அவசரப்பட்ட சவால் என்று அதை விமர்சிக்கலாம். ஆனால் சொன்ன சொல்லை எழுதிக் கொடுத்த உறுதிப்பத்திரம்போல் மதித்த ஓர் அரசியல்வாதி நம்மிடையே இருந்தார் என்பதற்கு அது சாட்சி.

சில மாதங்களில், அதே ஆண்டு ஓகஸ்டில், பொதுத் தேர்தல். பொதுஜன ஐக்கிய முன்னணிக்கு 105 ஆசனங்கள். 225 பேர் கொண்ட சபையில் பெரும்பான்மைக்கு 113 வேண்டும். முஸ்லிம் காங்கிரஸின் 7 ஆசனங்களும் மலையகத்திலிருந்து வந்த ஓர் ஆசனமும் சேர்ந்தபோது சரியாக 113. பதினேழு வருட ஐக்கிய தேசியக் கட்சி ஆட்சி முடிவுக்கு வந்தது. ஆறு வருடங்களுக்கு முன்னர் திருத்திய ஒரு வாசகத்தின் அறுவடையை நாடு கண்டது.

அமைச்சராக

கப்பற்றுறை, துறைமுகங்கள், புனர்வாழ்வு, புனரமைப்பு அமைச்சராக அஷ்ரஃப் பொறுப்பேற்றார். துறைமுக அதிகார சபையில் கிழக்கு இளைஞர்கள் பலர் தொழில் பெற்றார்கள். தொழில் வழங்கியதில் கட்சிச் சார்பு இருந்தது என்ற குறைகூறலும் அன்று எழுந்தது. கொழும்புத் துறைமுகத்தின் ராணி எலிசபெத் இறங்குதுறையைத் தனியார் முதலீட்டுடன் நவீனப்படுத்தும் உடன்படிக்கை 1999 இல், அவரது காலத்தில்தான் செய்யப்பட்டது.

அவர் விட்டுச் சென்றவற்றுள் தலையாயது தென்கிழக்குப் பல்கலைக்கழகம். யுத்தத்தால் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் கல்வியைத் தொடர முடியாமல் முஸ்லிம் மாணவர்கள் தடுமாறிய நேரத்தில், 1995 ஒக்டோபர் 23 ஆம் திகதி அது பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கியது. 1996 மே 15 ஆம் திகதி முழுமையான தேசியப் பல்கலைக்கழகமானது. இன்று ஒலுவில் வளாகத்தில் மூவின மாணவர்களும் படிக்கிறார்கள். எமது பெண் பிள்ளைகள் எத்தனை பேர் வீட்டுக்குக் கிட்ட ஒரு பல்கலைக்கழகம் இருந்ததால் பட்டதாரிகளானார்கள் என்று ஒவ்வொரு ஊரும் தன்னைத்தானே கேட்டுப் பார்க்கலாம்.

ஒலுவில் துறைமுகத்தின் கதை அப்படி அமையவில்லை. அவர் கண்ட கனவு 2013 இல் திறந்து வைக்கப்பட்டது. ஆனால் கரையை அலை அரித்தது, நுழைவாயிலை மணல் அடைத்தது, மீனவர்கள் நட்டப்பட்டார்கள். ஒரு தலைவரை நேசிப்பவர்கள் இதையும் சேர்த்தே பேச வேண்டும். அவரது எல்லாத் திட்டமும் வெற்றி என்று சொல்வது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

1999 இல் திகவாபி காணி விவகாரம் தெற்கில் கொதித்தபோது, மறைந்த கங்கொடவில சோம தேரருடன் தொலைக்காட்சியில் நேருக்கு நேர் விவாதிக்க அவர் முன்வந்தார். தம் மீது குற்றம் சாட்டியவர்களின் முன்னிலையில், அந்த மக்களின் மொழியில் பதில் சொல்லும் துணிவு அன்று பலரிடம் இருக்கவில்லை. அதே ஆண்டில் அவரது கவிதைகள் நான் எனும் நீ என்ற தொகுதியாக வெளிவந்தன.

முடிந்ததும் முடியாததும்

வாழ்வின் கடைசிப் பகுதியில் அவரது பார்வை விரிந்தது. தென்கிழக்கு அலகு என்ற கோரிக்கையை ஒரு கையில் வைத்துக்கொண்டே, எல்லா இனத்தவரையும் சேர்த்துக்கொள்ளும் தேசிய ஐக்கிய முன்னணியை அவர் தொடங்கினார். தனிக் கட்சியில் ஆரம்பித்த பயணம் பொதுக் கட்சியை நோக்கித் திரும்பிய அந்த வேளையில், 2000 செப்டெம்பர் 16 ஆம் திகதி, கொழும்பிலிருந்து அம்பாறை நோக்கிச் சென்ற விமானப்படை ஹெலிகொப்டர் அரநாயக்க, ஊரகந்த மலைப்பகுதியில் விழுந்து நொறுங்கியது. உடன் பயணித்த அனைவரும் மரணித்தார்கள். பொதுத் தேர்தலுக்கு ஒரு மாதமும் இருக்கவில்லை. அவருக்கு வயது 51. விசாரிக்க ஒரு நபர் ஆணைக்குழு நியமிக்கப்பட்டும், மக்களின் சந்தேகம் இன்றுவரை தீரவில்லை.

அவர் செய்யத் தவறியதும் ஒன்று உண்டு. கட்சியின் முடிவுகள் அவர் ஒருவரைச் சுற்றியே இருந்தன. அடுத்த நிலைத் தலைமையை உறுதியாக நிறுத்தாமல் அவர் போய்விட்டார். மரம் பிளந்தது. கிளைக்கொரு கட்சி, கட்சிக்கொரு தலைவர் என்றானது. அவரது படம் எல்லோரிடமும் இருக்கிறது. அவரது படிப்பு எவரிடம் இருக்கிறது என்பதே கேள்வி.

இது பழங்கதை பேசும் விடயம் இல்லை. 2017 இல் மாகாண சபைத் தேர்தல் முறையை மாற்றும் சட்டம் அவசர அவசரமாகப் பாராளுமன்றத்தில் நிறைவேற்றப்பட்டது. முஸ்லிம் பிரதிநிதிகளும் கையுயர்த்தினார்கள். புதிய தொகுதி எல்லைகளால் முஸ்லிம் பிரதிநிதித்துவம் குறையும் என்ற அச்சம் பின்னர்தான் எழுந்தது. 2018 ஓகஸ்டில் எல்லை நிர்ணய அறிக்கை பாராளுமன்றத்தில் தோற்கடிக்கப்பட்டது. பழைய முறையும் இல்லை, புதிய முறையும் இல்லை என்றாகி, மாகாண சபைத் தேர்தல்களே பல வருடங்களாக முடங்கின. வாக்களிக்கும் முன்னர் அந்தச் சட்டமூலத்தை வரி வரியாக வாசித்து, மாவட்டம் மாவட்டமாகக் கணக்குப் போட ஒருவர் எமக்கு இருந்திருந்தால் என்ற ஏக்கம் அப்போது எழாமல் இருக்கவில்லை.

தேர்தல் முறையை மாற்ற வேண்டும் என்ற பேச்சு அடிக்கடி வருகிறது. நாளை வெட்டுப்புள்ளி மீண்டும் உயரலாம். தொகுதி எல்லைகள் மீண்டும் வரையப்படலாம். அப்போது சுவரொட்டியில் இருக்கும் அஷ்ரஃப் வந்து காப்பாற்ற மாட்டார். எமது சட்டக் கல்லூரி மாணவர்கள், இளம் சட்டத்தரணிகள், புள்ளிவிபரம் தெரிந்த ஆசிரியர்கள் இப்போதே உட்கார்ந்து அந்த வேலையைச் செய்ய வேண்டும். பள்ளிவாசல் நிர்வாகங்களும் சிவில் அமைப்புகளும் அதற்கு இடம் கொடுக்க வேண்டும். அடுத்த செப்டெம்பர் கூட்டத்தில் ஒரு மணித்தியாலத்தையாவது தேர்தல் சட்டத்தை வாசிக்க ஒதுக்கினால், அது அவருக்குச் செய்யும் பொருத்தமான நினைவாக இருக்கும்.

வல்ல அல்லாஹ் அன்னாரின் பிழைகளைப் பொறுத்து, நற்கிரியைகளை ஏற்று, உயர்ந்த சுவனத்தை வழங்குவானாக. ஆமீன்.